வேலியோரத் தேன்சிட்டு
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



அலகு முதல் வால் வரை 10 செண்டிமீட்டருக்கு மேற்படாத ஒரு பறவையைக் குறித்து இன்று பேச விரும்புகின்றோம். முகாமிற்கு வரும் வழியில் முருங்கைப் பூவில் ஒரு ஜோடியைக் கண்டோம். ஆணுக்குத் தொண்டையும் பிட்டமும் ஊதா நிறம், வயிறு மஞ்சள். பெண்ணுக்கு அப்பளபளப்பு இல்லை. பறவை நூலார் இதனை ஊதாப்பிட்டத் தேன்சிட்டு என்பர்.

தீபகற்ப இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகியவையே பெரும்பாலும் இதன் இருப்பிடம். 1766-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இட்ட இலத்தீன் பெயரில் இலங்கையின் பெயரே அமைந்துள்ளது.

1948-இல் தோன்றிய உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இச்சிட்டு 'கவலை குறைந்தது' என்னும் வகுப்பில் உள்ளது. அவ்வாறாயின் இதைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமே. பத்தாண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றுள் எது நீண்டதோ அக்காலத்தில் தொகை 30 சதவீதம் குறைதல், வாழிடம் மிகச் சுருங்கிச் சிதைதல் போன்றவற்றையே அப்பட்டியல் அளக்கின்றது. இந்தோனேசியாவின் சங்கிஹே தீவில் மட்டும் வாழும் தேன்சிட்டினம் ஒன்று, காடு அழிந்து தென்னையும் ஜாதிக்காயும் பெருகியதால் அபாய வகுப்பில் நிற்கின்றது. நம் சிட்டின் பரப்போ மிகப் பெரிது. ஆகவே, உங்கள் ஊரில் இது அடியோடு மறைந்து போனாலும் பட்டியலில் ஓர் எழுத்தும் மாறாது. அக்கணக்கை ஊரார்தாம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதன் கூட்டைப் பார்த்தவர் எத்தனை பேர்? நாரையும் சருகையும் சிலந்தி நூலால் பிணைத்து, மேலே மரப்பட்டைத் துணுக்குகளை ஒட்டி, பக்கத்தில் வாயில் வைத்து, தாழ்ந்த கிளை நுனியில் பை போலத் தொங்க விடுகின்றது. குப்பை தொங்குகின்றது என்று நம்மவர் தட்டிவிடுவதும் உண்டு! பெரும்பாலும் இரண்டு முட்டைகள். அடை காப்பு 14 முதல் 16 நாள்; குஞ்சு வெளிவர மேலும் 17 நாள் அளவு. குஞ்சுக்குத் தேன் போதாது. பூச்சியும் சிலந்தியும் ஊட்ட வேண்டும். பூத்த செடியில் மருந்து தெளித்தால் அவ்வுணவே நஞ்சாகின்றது.

மாந்தோப்பு உடையோர், புல்லுருவிப் பூவிலும் தேன்சிட்டு மகரந்தம் பரப்புகின்றதே என்பர். மெய்தான். ஆனால் அதன் விதையைக் கிளைக்குக் கிளை ஒட்டுவது பூக்கொத்தி என்னும் வேறு பறவை. புல்லுருவியைக் கிளையோடு வெட்டி நீக்குவதே வழி. சிட்டை விரட்டிப் பயனில்லை. தேன்சிட்டைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

கம்பி வேலி வந்தபின் கிளுவையும் கல்யாண முருங்கையும் பல ஊர்களில் குறைந்து வருகின்றன. இருப்பதையேனும் பஞ்சாயத்து காக்கலாம். இச்சிட்டு ஆண்டின் பல மாதங்களில் கூடு கட்டுவதால், இன்ன மாதத்தில் வேலி வெட்டுக என்று நாம் விதி கூற இயலாது. அரிவாள் எடுப்பவர் முதலில் கிளை நுனியை நோக்கட்டும். கூடு இருப்பின் அக்கிளையை மட்டும் ஒரு மாதம் விட்டுவைத்து, மற்றவற்றை வெட்டிக்கொள்ளலாம்.