மணமகன் முகமும் பந்தலின் நாவும்



மேனாம்பேட்டில் ஒரு திருமணம். ஓமப்புகை மண்டபமெங்கும் பரவியிருந்தது. உபாத்தியாயர் உறுதிமொழிகளைச் சொல்லச் சொல்ல, மணமகன் தாழ்ந்த குரலில் திரும்பச் சொன்னான். அவன் முகம் இறுகியிருந்தது, கண்கள் கலங்கியிருந்தன. முன்வரிசையில் இருந்த ஒருவர், "மறைந்த தந்தையை நினைத்துக்கொண்டான்" என்றார். அடுத்தவர், "புகைதான், வேறென்ன?" என்றார். மூன்றாமவரோ, "பையனுக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லையோ?" என்றார், மெல்லத்தான். அந்த மெல்லிய குரல் முதற்பந்தி முடிவதற்குள் பெண்ணின் தாயார் செவியை எட்டிவிட்டது. அவ்வம்மையார் அன்று உண்ணவில்லை. மணமகனை மட்டும் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

இல்லறத்தாருக்குரிய சத்திய அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயத்தில் உமாசுவாமி கூறுகிறார். பொய்யுபதேசம், பொய்யாவணம் எழுதுதல் போன்றவை எளிதில் விளங்கும் குற்றங்கள். ஐந்தாவதாக நிற்பது சாகார மந்திரபேதம். உடலின் மாறுபாடு, புருவ நெரிப்பு முதலியவற்றால் பிறர் உள்ளக்கருத்தை உய்த்துணர்ந்து, அழுக்காறு முதலிய காரணத்தால் அதனை வெளியிடுதல் என்று பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தியில் இதற்கு உரை காண்கிறார். கவனிக்க வேண்டியது ஒன்று: உய்த்துணர்ந்தது உண்மையேயானாலும் வெளியிடுதல் குற்றமே. ஊகம் பிழையாயின் கேட்கவே வேண்டா. கெடுநோக்கின்றிச் சொன்னவருக்கு இவ்வதிசாரம் பொருந்துமா என வாதிடலாம். உண்ணாமல் எழுந்த தாயாருக்கு அவ்வாதத்தால் பயனில்லை.

இளங்கோவடிகள் இவ்விடத்தில் காட்டும் அடக்கம் வியப்புக்குரியது. மங்கல வாழ்த்துப் பாடலில் 16 அகவைக் கோவலனும் 12 அகவைக் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். அக்காட்சியைக் கண்டோர் கண்கள் செய்த தவத்தை அடிகள் வியக்கிறார். மணமகன் முகத்தில் என்ன தெரிந்தது என்று ஒரு சொல்லும் கூறவில்லை. பின்னாளில் மாதவிபாற் செல்லப்போகும் கோவலனின் உள்ளத்தை அன்றே முகத்தில் எழுதிக்காட்டுவது எளிய புலவனுக்குத் தோன்றும் உத்தி.

நேமிகுமாரரின் மணவூர்வலமோ இன்னும் கடினமான சான்று. விருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் துயரைக் கண்டு அவர் திரும்பினார். காத்திருந்த உறவினருக்கு அது மணமகளை இகழ்ந்த செயலாகவே தோன்றியிருக்கும். அவர் உள்ளத்தில் எழுந்தது உயிர்களிடத்து இரக்கமும் அதன்வழி வந்த துறவும். இராசிமதி அதனை உணர்ந்தாள். அவளும் துறவு பூண்டாள். போளூரை அடுத்த திருமலையில் பாறையில் நின்றருளும் நேமிநாதரை வணங்குவோர் அறிந்த வரலாறு இது.

மேனாம்பேட்டு அம்மையார், மறுவீட்டுக்கு வந்த மருமகனைத் தனியே அழைத்துக் கேட்டார். முதல்நாள் இரவிலிருந்து கடைவாய்ப் பல்லில் பொறுக்கவொண்ணா வலியாம். "முகூர்த்த வேளையில் சொன்னால் எல்லாரும் பதறுவீர்கள் என்று இருந்துவிட்டேன், அத்தை" என்றார் அவர்.