வழித்துணையும் விடைபெறும் முறையும்

(தென்காசியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குற்றால அருவியில் நீராடி, குழல்வாய்மொழியம்மை உடனுறை குற்றாலநாதரைத் தொழுது, தென்காசியில் காசிவிசுவநாதர் திருமுன் வந்து நிற்கும் யாத்திரைக் குழுவினர் பலர். பல நாள் ஒரே ஊர்தியில் வந்தவர்கள் இங்கிருந்து பிரிகின்றனர். ஒருவர் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறுவார். மற்றவர் செங்கோட்டைக்குச் செல்வார். கூடிச் செல்லும் முறையை நாம் அறிவோம். பிரியும் முறையை அறிவோமா?

இதே குற்றாலத்தைத் தொழுது சென்ற இரு வழித்துணைவர் வரலாறு அதனைக் கற்பிக்கின்றது. ஒருவர் சுந்தரமூர்த்தி நாயனார். மற்றவர் சேர நாட்டை ஆண்ட சேரமான் பெருமாள் நாயனார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் இதனை விரித்துரைக்கின்றது. திருவாரூரிலிருந்து புறப்பட்ட இருவரும் மதுரை, திருப்பரங்குன்றம் பணிந்து, குற்றாலமும் குறும்பலாவும் தொழுது, திருநெல்வேலி, இராமேச்சுரம் முதலிய தலங்களை வணங்கி ஆரூர் மீண்டனர். பின்னர், சேரமானின் வேண்டுகோளுக்கிணங்கிக் காவிரியைக் கடந்து, கொங்கு நாட்டு வழியே கொடுங்கோளூர் அடைந்தனர்.

அங்கே சிலகாலம் தங்கிய சுந்தரருக்கு ஆரூர்ப் பெருமான் நினைவு மேலிட்டது. பிரிவாற்றாது வருந்திய சேரமானிடம் அவர் பொய்க்காரணம் எதுவும் புனையவில்லை. ஆரூரை மறந்திருக்க இயலாமையை உள்ளவாறே உரைத்தார். உடன் வரத் துடித்த தோழரை, நாட்டைக் காக்கும் கடமையின்பால் நிறுத்தினார். சேரமானும் தடுத்தாரில்லை, பெரும்பொருள் அளித்து, பின்சென்று வழியனுப்பினார். இருவரும் தழுவிப் பிரிந்தனர்.

உண்மை கூறல், அவரவர் கடமையை நினைவூட்டல், மனமுவந்து விடைகொடுத்தல் ஆகிய மூன்றுமே பிரிவின் இலக்கணம். நெடும்பயணத்தில் சன்னலோர இருக்கைக்கும் தேநீர்க் காசுக்கும் மனம் கசந்துவிடுகின்றது. அக்கசப்போடு இறங்கிப் போனால், தரிசித்த தலங்களின் பயன் என்னாவது? கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள், கசப்பை அருவியோடு விட்டுவிடுங்கள், முகம் பார்த்து விடைபெறுங்கள். அடுத்த பயணத்தில் அதே முகத்தைக் காண்போம் என்பதற்கு உறுதி ஏது?

சேரமான் தந்த பொருளைத் திருமுருகன்பூண்டியில் வேடுவர் வடிவில் வந்த பூதகணங்கள் பறித்தன. பாடிய பின்னரே அது மீண்டது. பொருள் வழியில் பறிபோகலாம். நட்பை எவரும் பறித்தல் இயலாது. சுந்தரர் மீண்டும் சேர நாடு வந்தபோது, திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளையானை மீது கயிலை ஏகினார். அதனை உணர்ந்த சேரமான், குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி, யானையை முந்திச் சென்றார். ஆயினும் கயிலை வாயிலில் தடையுண்டு நின்றார். உள்ளே சென்ற சுந்தரர், முதற்கண் வாயிலில் நிற்கும் தோழரைப் பற்றியே இறைவனிடம் விண்ணப்பித்தார். சேரமானும் உள்ளே அழைக்கப்பெற்றார்.

அன்பர்களே! நல்வண்ணம் பிரிந்தவர்க்கே இத்தகைய கூட்டம் வாய்க்கும். உங்கள் வழித்துணைவரை இன்சொல்லால் வழியனுப்புங்கள். பின்னர்ச் சந்நிதியில் நிற்கும்போது, வெளியே நிற்கும் அவர் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.

திருச்சிற்றம்பலம்.