கோட்டை வாயிலில் ஒரு தமிழ்க் கல்



திருக்கோணமலையில் கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறை முனை சுவாமி மலை. ஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் அங்கே இருந்தது. 1622இல் போர்த்துக்கீசர் அதனை இடித்தனர். அதன் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றினர். 1803இல் பிரெடரிக் கோட்டை என்னும் பெயர் அமைந்தது.

அக்கோட்டை வாயிலில் ஒரு கல் உண்டு. இணைக்கயலும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் அதில் உள்ளன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் குலைப்பர் என்னும் பாடலின் பகுதியாக அதனைப் படிப்பர். கல்லில் எஞ்சியவை சில சொற்களே. முழுப் பாடலையும் தந்தது மக்களின் வாய்மொழி மரபு. கோயிலை இடித்தவர்களின் கோட்டையே அவ்வெழுத்துகளைக் காத்து நிற்கிறது!

கல்லில் உள்ளது சான்று. நாவில் உள்ளது நினைவு. நினைவைச் சான்றென்று எழுதினால் இரண்டும் வலுவிழக்கும். நினைவை இகழ்ந்தாலோ, கோயில் இழந்த மக்கள் காத்த செல்வத்தை நாமும் இழப்போம்.

1950இல் கிணறு தோண்டியபோது திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் முக்குளித்தோர் கடலடியில் கோயிற் சிதைவுகளைக் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இன்றும் அடியார்கள் கோட்டை வாயிலைக் கடந்தே கோணேசரை வழிபடச் செல்கின்றனர்.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்தாரிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அவரவர் ஊர் முதியோரிடம் எஞ்சிய பாடல்களைக் கேட்டு எழுதுங்கள். கேட்டது எது, கண்டது எது எனப் பிரித்து எழுதுங்கள்.