ஆடுகளமும் அதற்குப் பின்னும்



ஓட்டத்திலும் தாண்டுதலிலும் கோப்பை வென்ற மாணவர் பலரைத் தலைமையாசிரியர் என்ற முறையில் நாம் வாழ்த்தி அனுப்பியுள்ளோம். சில ஆண்டுகள் கழித்து அவர்களுள் ஒருவனைச் செங்கற்சூளையில் கண்டபோது நெஞ்சம் வெந்தது. ஆகவேதான், விளையாட்டு வீரனின் பிற்கால வாழ்வை இன்று பேசுபொருளாகக் கொண்டோம்.

அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் 1919-இல் ஜார்ஜியா மாநிலத்தில், வாரத்திற்கு நிலம் உழுத குடும்பத்தில் பிறந்தார். தந்தை கைவிட்டுச் சென்றார். தாயார் மாலி ஐந்து மக்களோடு 1920-இல் கலிபோர்னியாவின் பாசடீனா நகருக்குக் குடிபெயர்ந்து, வீட்டுவேலை செய்து அவர்களை வளர்த்தார். அந்நகர நீச்சற்குளத்தில் கறுப்பின மக்களுக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே அனுமதி. 1927-இல் அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்திற்கு மக்களை அழைத்துச் சென்ற வரலாற்றை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஜாக்கியின் தமையனார் மாக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்சுக்கு அடுத்தபடியாக வெள்ளிப் பதக்கம் வென்றார். ஊர் திரும்பிய அவருக்குக் கிடைத்த வேலை யாது? தெருக்கூட்டும் வேலை!

ஜாக்கியோ உயர்நிலைப் பள்ளியிலேயே அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், தடகளம், டென்னிஸ் என ஐந்திலும் சிறந்தார். பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுகளில் தகுதிச் சிறப்புப் பெற்ற முதல் மாணவரானார். ஆயினும் 1941-இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். கறுப்பனுக்குப் பட்டம் என்ன வேலை தரும் என்று எண்ணினார். தமையனாரின் துடைப்பத்தைக் கண்ட தம்பியை நாம் எங்ஙனம் குறைகூறுவது?

1944-இல் இராணுவப் பேருந்தில் பின்னிருக்கைக்குச் செல்ல மறுத்து, இராணுவ நீதிமன்றத்தில் நின்று விடுதலை பெற்றார். 1947 ஏப்ரல் 15-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கி, அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தம் இனத்திற்கு அடைத்திருந்த கதவைத் திறந்தார். வசைகளுக்கு ஆட்டத்தால் விடையளித்தார். 1949-இல் மிகச்சிறந்த வீரர் என்ற விருதும் அவரைத் தேடி வந்தது.

1956-ஆம் ஆண்டோடு அவர்தம் ஆட்டம் ஓய்ந்தது, உழைப்பு ஓயவில்லை. காப்பி நிறுவனமொன்றின் துணைத் தலைவரானார். குடியுரிமைப் போராட்டத்தில் தோள் கொடுத்தார். வங்கிக் கடன் கிட்டாத தம் மக்களுக்காக 1964-இல் ஹார்லெமில் ஒரு வங்கி தோன்றத் துணைநின்றார். நீரிழிவால் பார்வை குன்றி, 1972-இல் 53-ஆம் வயதில் மறைந்தார்.

மறு ஆண்டே அவருடைய துணைவியார் ரேச்சல், கணவர் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினார். அதன் தலையாய பணி என்ன தெரியுமா? வசதியற்ற மாணவர்க்குக் கல்லூரி உதவித்தொகை! பட்டம் பெறாது வெளியேறியவரின் பெயரால் இன்று பட்டதாரிகள் உருவாகின்றனர்.

இளைஞர்களே! ஓடுங்கள், தாண்டுங்கள், வெல்லுங்கள். ஆனால் கால்கள் என்றேனும் தளரும். கற்ற கல்வி தளராது. பெற்றோர்களே! கோப்பை வென்ற மகனையும் மகளையும் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடாதீர்கள். சங்கத்தாரே! பதக்கம் பெறும் மாணவர்க்கு மாலையோடு மறு ஆண்டுக் கல்விக் கட்டணத்தையும் அளியுங்கள். மாலை மறுநாளே வாடிவிடும்; கட்டணமோ ஒரு குடும்பத்தைக் கரையேற்றும்.