மாட்டு டொக்டராக வேண்டுமென்றால் எப்போது தொடங்க வேண்டும்?

(சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமாக எமது கல்விக் குழு நடத்திய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு உடுப்பு மாற்றியும் மாற்றாமலும் வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விசயத்துக்கு வருகிறோம்.

என்னவாகப் போகிறீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டால் டீச்சர் என்பார்கள், நர்ஸ் என்பார்கள், டொக்டர் என்பார்கள். மாட்டு டொக்டர் என்று ஒரு பிள்ளை சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் பட்டி போட்டு, மலையிலிருந்து வரும்போது புல்லுக்கட்டும் தூக்கி வருகிறவர்கள் நாம். வேலை குறைந்த மாதத்தில் கடைக் கணக்கைத் தீர்ப்பது பால் காசுதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நல்ல பால் மாடு ஒன்று மூன்றாவது, நான்காவது கன்று போட்ட மறுநாள் திடீரென்று படுத்துவிடுகிறது. எழும்பவில்லை. கழுத்தை மடித்து விலாப்பக்கம் வைத்துக்கொள்கிறது, காது சில்லென்று இருக்கிறது. கண்ணேறு என்று சொல்லிக் கயிறு கட்டுவோரும் உண்டு. இதற்குப் பெயர் பால் காய்ச்சல். காய்ச்சல் என்று பெயரே தவிர உடம்பு குளிர்ந்துதான் போகிறது. மடியில் பால் இறங்கும்போது இரத்தத்தில் உள்ள கல்சியம் பாலோடு போய்விடுகிறது. கல்சியம் குறைந்தால் தசை வேலை செய்யாது. கால்நடை வைத்தியர் வந்து நரம்பு வழியாகக் கல்சியம் ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் சில மணித்தியாலத்துக்குள் எழுந்து நிற்கும். ஆனால் மெதுவாக ஏற்ற வேண்டும், இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் அதே மருந்து இதயத்தை நிறுத்திவிடும்.

(வைத்தியர் வரும்வரை மாட்டைப் பக்கவாட்டில் சரிய விடாதீர்கள். இரண்டு பக்கமும் சாக்கு அடுக்கி நெஞ்சு நிலத்தில் படும்படி நிமிர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் வயிறு ஊதிவிடும். வாயில் தண்ணீரோ கசாயமோ ஊற்றவே வேண்டாம். விழுங்க முடியாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போகும்.)

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? தசையும் இதயமும் உயிரியல். கல்சியம் இரசாயனவியல். போத்தலை எவ்வளவு உயரத்தில் பிடித்தால் மருந்து எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது பௌதிகவியல். மாடு பார்க்க எதற்கு இந்த மூன்று பாடமும் என்று கேட்கும் அப்பாமாருக்கு இதுதான் எங்கள் பதில்.

அமெரிக்காவில் பெரும்பாலான பிள்ளைகள் முதலில் நான்கு வருடம் ஒரு பட்டப்படிப்பை முடித்து, அதில் உயிரியலும் இரசாயனவியலும் கற்று, அதன் பிறகே கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். எந்த வழி என்று யோசிக்க அவர்களுக்கு இருபது வயது தாண்டியும் அவகாசம் இருக்கிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. உயர்தரம் முடிந்ததும் நேரே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ, விலங்கு விஞ்ஞான பீடத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே அவர்களுடைய நான்கு வருட ஆயத்தம் நமக்கு உயர்தரத்தின் இரண்டு வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது. முடிவு எடுக்கும் வயது பதினாறு. அதாவது, இந்த மாதம்.

உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் எடுங்கள். பௌதிகவியல் கஷ்டம் என்று அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கும் பிள்ளைகள் உண்டு. அது கெட்ட பாடமல்ல, ஆனால் மனித மருத்துவம் உட்பட சில வாசல்கள் அத்தோடு மூடிவிடும். எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடம் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் முதலே பாருங்கள். பெறுபேறு வந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

இடம் கிடைப்பது இசட் புள்ளியைப் பொறுத்தது. 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். மாவட்டம் என்றால் தோட்டம் மட்டுமல்ல. டவுன் பாடசாலையில் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் உள்ள பிள்ளையும் அதே வரிசையில்தான் நிற்கிறது.

இங்கேதான் நமது பிரச்சினை. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி பாடசாலைகளில் மட்டுமே உண்டு. தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது அநேகமாக 1சி பாடசாலை, அங்கே கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானம் படிக்க பஸ் ஏற வேண்டும், அல்லது டவுனில் தங்க வேண்டும். பொம்பளைப் பிள்ளையை எப்படித் தனியாக அனுப்புவது என்று அம்மா பயப்படுகிறார். பஸ் காசு, டியூஷன் காசு என்று அப்பா கணக்குப் பார்க்கிறார். கடைசியில் விஞ்ஞானத்தில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை கலைப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை, பஸ் பாதை முடிவு செய்துவிட்டது.

உயர்தரத்தைத் தமிழில் எழுதலாம். பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில். ஆகவே பெறுபேறு வரும்வரை உள்ள இந்த மாதங்களில் ஆங்கிலத்தை விடாதீர்கள். அரச பல்கலைக்கழகத்தில் பாடக் கட்டணம் கிடையாது. தகுதி பெறுகிறவர்களுக்கு மகாபொல உதவியும் உண்டு. செலவு பெரும்பாலும் அதற்கு முந்திய இந்த இரண்டு வருடத்தில்தான்.

புள்ளி கொஞ்சம் குறைந்தால் வேறு வழி இல்லையா? இருக்கிறது. பதுளை ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானப் பட்டம் உண்டு. மாகந்துரையில் வயம்ப பல்கலைக்கழகத்தின் கால்நடை, மீன்பிடி, போசணை பீடம் இருக்கிறது. குண்டசாலையில் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் பாடசாலை டிப்ளோமா வழங்குகிறது. இவற்றில் படித்தவர் கால்நடை வைத்தியராகப் பதிவு பெற முடியாது. ஆனாலும் பண்ணை, தீவனம், பால் சேகரிப்பு என்று மாட்டைச் சுற்றிய தொழில்கள் பல இருக்கின்றன.

மாடு மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்தில் கம்பிக் கண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தையைக் காப்பாற்றப் போராடியவர்களும் கால்நடை வைத்தியர்கள்தான். அது சில நாளில் இறந்துபோனது. தேயிலைக்குள் புலி படுத்திருப்பதை முதலில் காண்பது நமது பெண்கள். அந்த மலையைத் தெரிந்த, நமது மொழியில் பேசும் வைத்தியர் ஒருவர் இருந்தால் அவர்களோடு நின்று பேசலாம்.

கிளைத் தலைவர்களிடம் இரண்டு விசயம் கேட்கிறோம். உங்கள் தோட்டத்தில் இம்முறை சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளில் விஞ்ஞானம் படிக்க விரும்புவோர் பெயரையும், பக்கத்து 1ஏபி பாடசாலைக்குப் போக எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதையும் எழுதி அனுப்புங்கள். பௌதிகவியலுக்கோ இரசாயனவியலுக்கோ ஆசிரியர் இல்லாத பாடசாலை எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் வலயக் கல்விப் பணிப்பாளர் முன்னால் போய் உட்கார முடியும். பெறுபேறு வருமுன் அது எங்களுக்கு வந்து சேர வேண்டும்.