பாஷை வேறு, கூலி ஒன்று



திருப்பூர் ஆலைகளில் நம் பக்கத்து மிஷினில் பீகார், ஒடிசா சகோதரர்கள் நிற்கிறார்கள். தஞ்சை வயல்களில் வங்காளத்தார் நாற்று நடுகிறார்கள். “இவர்கள் வந்துதான் கூலி குறைந்தது” என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். கூலியைக் குறைப்பது இவர்களா? சம்பளத்தை நிர்ணயிக்கும் கை யாருடையது?

1912-ல் அமெரிக்காவில் லாரன்ஸ் நகர நெசவாலைத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்ட பாஷைகள் பேசினார்கள். சட்டம் வார வேலையை 56 மணியிலிருந்து 54 ஆக்கியது. முதலாளிகள் கூலியையும் வெட்டினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கமிட்டியில் ஒவ்வொரு நாட்டாருக்கும் பிரதிநிதிகள் இருந்தார்கள். கூட்டப் பேச்சுக்கள் பல பாஷைகளில் பெயர்த்துச் சொல்லப்பட்டன. ஜனவரியில் தொடங்கிய போராட்டம் மார்ச்சில் வென்றது, கூலி உயர்ந்தது.

நாம் என்ன செய்வது? புதிதாக வந்தவரை முதல் நாளே பெயர் கேட்டு அழைப்போம். நோட்டீசை அவர் பாஷையிலும் அச்சடிப்போம். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுவோம். இரு பாஷையும் தெரிந்தவரைச் சங்கக் கூட்டத்தில் அவர் அருகே உட்கார வைப்போம். கமிட்டியிலும் இடம் தருவோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் பிழைக்கப் போன நம் பாட்டன்மாரும் பாஷை தெரியாமல் போனவர்களே!

சம வேலைக்குச் சம கூலி! எல்லோரும் சேர்ந்து கேட்டால், எந்தப் பாஷையானாலும் முதலாளிக்குப் புரியும்.