தாத்தாவின் மீசையும் அந்தமான் கடலும்



அந்தமானைப் பற்றி ஐந்து நிமிடம் பேசு என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். எட்டு வருடமாக அங்கே வேலை பார்க்கிறேன். 2023 பிப்ரவரியில் நம் செட் நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். அந்தக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் போர்ட் பிளேயர். 2024-ல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. செல்லுலார் சிறையின் ஏழு சிறகுகளில் மிஞ்சிய மூன்றைப் பார்த்தோம். நான் சிவில்காரன் அல்லவா, சிப்பிகாட்டுக்கும் இழுத்துப் போனேன். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் அந்தப் பக்கத்து நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. நெல் விளைந்த வயலில் கடல்நீர் வந்து தங்கிவிட்டது. "சுத்திக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்து சர்வே பாடம் நடத்துறானே" என்று ஒருவன் அலுத்துக்கொண்டான். ஐந்தரைக்கே இருட்டியதும் வாட்சைத் தட்டிப் பார்த்தான். அங்கே கடிகாரம் இந்திய நேரம், சூரியன் அதன் சொந்த நேரம்.

மறுநாள் ஹேவ்லாக். 2018 முதல் அது ஸ்வராஜ் தீவு. அங்கிருந்து படகில் எலிஃபண்ட் பீச்.

வந்தவர்களில் ஒருவன் நம் 'தாத்தா'. ஹாஸ்டல்காரர்களுக்குத் தெரியும், சீனியர்கள் எவ்வளவோ மிரட்டியும் எடுக்காத மீசை அது. நீச்சல் தெரியாது. "இடுப்பளவு தண்ணிதான்டா, லைஃப் ஜாக்கெட் இருக்கு" என்றேன். வழிகாட்டியாக வந்த வங்காளிப் பையன் ரப்பர் வளையத்தை நீட்டினான். "இவனை நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனிதனாட்டம் சொல்லி, அவனை மற்ற இருவரோடு அனுப்பிவிட்டேன்.

விளம்பரத்தில் வருகிற மாதிரி எல்லாப் பவளமும் வண்ணமாக இருக்காது. 2010-ல் கடல் சூடேறி நிறைய வெளுத்துச் செத்தது. சாம்பல் திட்டுகள் நடுவே உயிருள்ளவை இருக்கின்றன. கிளி அலகு மாதிரி வாயுள்ள ஒரு மீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் நறநறவென்று கேட்கும். அதன் பின்னாலேயே போனேன். கையை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை.

திரும்பினால் தாத்தா கையைக் காலை அடித்துக்கொண்டிருக்கிறான். முகமூடிக்குள் தண்ணீர். மூச்சுக்குழாயைத் துப்பிவிட்டு உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான். ஜாக்கெட் மிதக்க வைக்கத்தான் செய்தது, ஆனால் பயந்தவனுக்கு அது எங்கே தெரிகிறது? பவளத்தை மிதித்து அதையும் உடைத்துக் காலையும் கிழித்துக்கொண்டான். அந்தப் பையன்தான் பாய்ந்து வந்து, மல்லாக்கப் புரட்டிக் கரை சேர்த்தான்.

காரணம் மீசை. முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்ட வேண்டும், நடுவில் முடி இருந்தால் ஒழுகும். கேஸ்கெட்டில் தும்பு மாட்டினால் ஒழுகும் என்று இதே கல்லூரியில் படித்தவன் நான். பையன் இந்தியில் திட்டியது என்னைத்தான். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அவன் வீட்டுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

விடியற்காலை கதவு தட்டினான். மழமழவென்று சிரைத்த முகம். "கிளம்புடா, போலாம்."

"காலு?"

"கீறல்தான். வா."

இந்த முறை வளையம், பையனின் கை இரண்டையும் பிடித்துக்கொண்டான். முக்கால் மணி நேரம் தலையைத் தூக்கவில்லை. வெளியே வந்ததும், "ஒரு பெரிய சிப்பிடா, நீல உதடு. என் நிழல் பட்டதும் வாயை மூடிக்கிச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

சாயங்காலம் வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டான். எடுத்தது அவன் அப்பா. எங்கள் பக்கம் எதற்கு மீசை எடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பெரியவர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"ஏன்டா, நான் இன்னும் உயிரோடதான்டா இருக்கேன்!"

மீசை மறுபடி வளர்ந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், பாருங்கள். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.